வெள்ளிக்கிழமை மீன் குழம்பு: இதுவும் ஒரு விரதமா?

நாசரேத்துக்காரன்:
நேற்று இன்னொரு திரியில் தூத்துக்குடி நண்பர் ஒருவர் ஒரு தீர்ப்பு எழுதியிருந்தார். "தவக்கால வெள்ளிக்கிழமையில் கறிக்கடை வாசலில் நிற்பவன் கிறிஸ்தவனே இல்லை, இந்தப் புராட்டஸ்டன்ட் சிஎஸ்ஐகாரர்களுக்கு ஒழுங்கு என்பதே கிடையாது" என்று. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. இதே நண்பர்தான் போன வெள்ளிக்கிழமை மதியம் சீலா மீன் குழம்பையும் இறால் தொக்கையும் படம் பிடித்துப் போட்டவர். எங்கள் வீட்டில் தவக்காலம் முழுக்க, சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் விடியும் வரை, கறி, மீன், முட்டை எதுவும் அடுப்பேறாது. அந்தக் காசு லெந்து, அதாவது தவக்காலக் காணிக்கைக்குப் போகும். ஒழுங்கு யாருக்கு இல்லை?

முத்துநகர்வாசி:
அந்த நண்பர் நான்தான். பேரைச் சொல்லக் கூடவா பயம், அண்ணாச்சி? எங்கள் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1251, 1252ஐ எடுத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், அதாவது இறைச்சி கூடாது. திருநீற்றுப் புதனும் (உங்கள் சாம்பல் புதன்) பெரிய வெள்ளியும் ஒருசந்தியும், அதாவது ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடும், சேர்த்து. 14 வயது முடிந்தவர்களுக்குச் சுத்தபோசனம், 18 முடிந்ததிலிருந்து 59 முடியும் வரை ஒருசந்தி. எல்லாம் எழுத்தில் இருக்கிறது. மீன் இறைச்சி அல்ல. முடிந்தது.

மாரநாதா77:
ஸ்தோத்திரம். வேதத்தில் லெந்து எங்கே இருக்கிறது? வசனம் காட்டவும்.

நாசரேத்துக்காரன்:
மீன் இறைச்சி இல்லையென்றால் கத்தரிக்காயா?

முத்துநகர்வாசி:
கத்தரிக்காய் என்று நான் சொல்லவில்லை. மீன் என்றேன். மீன் இறைச்சி அல்ல. உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீடர்களிடம் வாங்கிச் சாப்பிட்டது என்ன? லூக்கா 24:42. பொரித்த மீன்.

நாசரேத்துக்காரன்:
அது உயிர்த்தெழுந்த பிறகு, தம்பி. ஈஸ்டருக்கு அப்புறம் நானும்தான் சாப்பிடுகிறேன். நீங்கள் ஆண்டவரை முந்திக்கொண்டு சாப்பிடுகிறீர்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதியதையும் படியுங்கள், முதல் நிருபம் 15:39. "மச்சங்களுடைய மாம்சம்" என்கிறார். மாம்சம்!

முத்துநகர்வாசி:
அதே வசனத்தில் அடுத்த வார்த்தையை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? "மச்சங்களுடைய மாம்சம் வேறே." வேறே! பவுலே சொல்லிவிட்டார், மீன் இறைச்சி அல்ல.

நாசரேத்துக்காரன்:
பறவைகளுடைய மாம்சமும் வேறே என்று அதே வசனம்தான் சொல்கிறது. அப்படியானால் கோழியும் கூடுமா? 2010இல் அமெரிக்காவில் உங்கள் நியூ ஆர்லியன்ஸ் பேராயர் முதலையையும் மீன் கணக்கில் சேர்த்து அனுமதித்தார். நீங்களும் ஒரு மனுப் போட்டுப் பாருங்கள், கோழிக்கும் கிடைக்கும்.

கோட்டயத்து_மருமகள்:
நான் திருநெல்வேலிப் பெண், வாழ்க்கைப்பட்டது கேரளாவில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில். இங்கே லெந்துக்கு அம்பது நோம்பு. கறியும் இல்லை, மீனும் இல்லை, முட்டையும் இல்லை. என் மாமியார் பாலையும் விட்டுவிடுவார், 50 நாளும் கட்டன் சாயாதான். மீன் இல்லாமல் கை நடுங்குகிற மலையாளியே விடும்போது உங்களுக்கு என்ன?

முத்துநகர்வாசி:
சகோதரி, உங்கள் சபைக்கு உங்கள் வழக்கம். நான் மதிக்கிறேன். ஆனால் மீன் இறைச்சி அல்ல.

அடுப்படி_அக்கா:
ஒரு கேள்வி. இங்கே சண்டை போடுகிற ஆண்களில் எத்தனை பேர் ஒரு நாளாவது மீன் ஆய்ந்திருக்கிறீர்கள்? என் வீட்டுக்காரருக்கு லெந்து முழுக்கச் சைவம். பிள்ளைகளுக்கு முட்டை இல்லாமல் இறங்காது. மாமனாருக்குக் கருவாடு. மூன்று அடுப்பு எரிகிறது. விரதம் இருப்பது அவர், வேகிறது நான்.

நாசரேத்துக்காரன்:
அக்கா சொல்வது நியாயம்தான். ஆனால் கருவாடு விரதத்தில் சேருமா என்பதையும் மாமனாரிடம் கேளுங்கள்.

முத்துநகர்வாசி:
கருவாடும் மீன்தான். சரி, அண்ணாச்சிக்கு ஒரு விஷயம் புரியவில்லை, விளக்கமாகவே சொல்கிறேன். உங்களுக்கு மீன் என்றால் ஓட்டலில் வாழையிலை மேல் வருகிற வறுவல். எங்களுக்கு அது சோறு. என் அப்பா விசைப்படகு வருவதற்கு முன்பு நாட்டுப்படகில் போனவர். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளும் கடலுக்குப் போனதில்லை. கடல் நிறைய மீன் கிடந்தாலும் சரி, வீட்டில் அரிசி இல்லாவிட்டாலும் சரி, காலையில் பூசை, மதியம் வலை பின்னல். இப்போதும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் சட்டப்படி வருகிறது. ஞாயிற்றுக்கிழமைத் தடையை எங்கள் மேல் யாரும் போடவில்லை, கோயில் மணிதான். ஆண்டுக்கு 52 நாள் வருமானத்தை விடுகிறவனிடம் வந்து விரதம் என்றால் என்ன என்று பாடம் எடுக்கிறீர்கள். நாங்கள் வீட்டில் தின்பது மலிவு மீன், சாளை. அந்தச் சீலா, மச்சான் ஊரிலிருந்து வந்த நாளில் வாங்கியது.

நாசரேத்துக்காரன்:
உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். நான் கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை. தினமும் தின்பதையே வெள்ளிக்கிழமையும் தின்றால், அன்றைக்கு நீங்கள் விட்டது எது?

முத்துநகர்வாசி:
இறைச்சி.

நாசரேத்துக்காரன்:
வியாழக்கிழமை தின்றீர்களா?

முத்துநகர்வாசி:
அது உங்களுக்கு எதற்கு? உங்கள் ஊர்ப் பொது விருந்தான அசனப் பண்டிகைக்கு எத்தனை கிடா வெட்டினீர்கள் என்று நான் கேட்டேனா? அப்போது ஒழுங்கு எங்கே போயிருந்தது? சுவிட்சர்லாந்தின் சூரிக்கில் 1522ஆம் ஆண்டு லெந்து நாளில் ஓர் அச்சகக்காரர் வீட்டில் தொத்திறைச்சி தின்றதில் கிளம்பிய புராட்டஸ்டன்ட் கூட்டம்தானே உங்களுடையது.

நாசரேத்துக்காரன்:
அசனம் எங்கள் ஊரில் லெந்தில் நடப்பதில்லை. எந்தச் சாதிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஒரே பந்தி, அதைக் கேலி செய்ய வேண்டாம். சூரிக்குக்கும் நாசரேத்துக்கும் என்ன சம்பந்தம்? நாங்கள் எஸ்பிஜி மிஷனரிகள் வழி, இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிக்கன். வரலாறு தெரியாமல் எழுதுவது போன கிறிஸ்துமஸ் திரியிலிருந்தே உங்கள் பழக்கம்.

மாரநாதா77:
ஒரே பந்தியாம்! கல்லறைத் தோட்டத்தில் அந்தப் பந்தியைக் காணோமே. அது போகட்டும். லெந்து வசனம் இன்னும் வரவில்லை. ஏசாயா 58ஐப் படியுங்கள். பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பதே உபவாசம் என்று இருக்கிறது. மீனும் இல்லை, கறியும் இல்லை.

முத்துநகர்வாசி:
வந்துவிட்டார். உங்கள் பெந்தெகொஸ்தே சபையில் பெண்கள் காதில் கழுத்தில் நகை இல்லாமல் வருவார்கள், கல்யாணப் பேச்சில் மட்டும் எத்தனை பவுன் என்ற கேள்வி எப்படி வருகிறது, சகோதரரே?

மாரநாதா77:
எல்லாச் சபையிலும் வருகிறது. உங்கள் பக்கம் வராததுபோலப் பேச வேண்டாம்.

அடுப்படி_அக்கா:
அந்தப் பவுனைப் பற்றித் தனியாக ஒரு திரி போடுங்கள். நானும் வருகிறேன், நிறைய இருக்கிறது சொல்வதற்கு.

நாசரேத்துக்காரன்:
பேச்சை மாற்றாதீர்கள். தொக்கு போட்டீர்களே, இறால். அது மீனா?

முத்துநகர்வாசி:
இறாலும் மீன் கணக்குதான். நண்டும்தான். இரவு பூசை முடிந்து வந்து விரிவாக எழுதுகிறேன். அதுவரை மனப்பாடம் செய்யுங்கள்: மீன் இறைச்சி அல்ல.

கோட்டயத்து_மருமகள்:
இந்த ஊரில் இறாலுக்குப் பேரே செம்மீன்தான். யார் பக்கம் சாட்சி சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

மாரநாதா77:
வசனம்?