புதுப்பிப்பு: காய்ச்சலுக்கு அப்புறம் கண், மூன்று மாதம் கழித்து

கோவிட் விட்டுப் போன பிறகு எழுத்து இரண்டாகத் தெரிகிறது, மும்பை தாதர் ஸ்டேஷன் பாலத்தில் கூட்டம் எதிரே வந்தால் தலை சுற்றுகிறது என்று முன்பு இங்கே எழுதியிருந்தேன். அன்று பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் போன இடத்தில், "பார்வை 6/6, தூரத்து எழுத்து சரியாகத் தெரிகிறது, ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது மருத்துவர் விழித்திரையைச் சோதித்துவிட்டு, ஒரு பேனாவை மெல்ல என் மூக்கை நோக்கிக் கொண்டுவந்தார். ஒரு சாண் தூரத்திலேயே அது இரண்டாகிவிட்டது. கிட்டத்தில் பார்க்க இரண்டு கண்ணும் சேர்ந்து உள்நோக்கித் திரும்ப வேண்டும். எனக்கு அது தளர்ந்திருக்கிறதாம். தூரத்து எழுத்துப் பலகையில் இது தெரியவே தெரியாது. எத்தனை பேர் இப்படித் திரும்பி வந்திருப்பார்களோ என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

இப்போது பயிற்சி. நூலில் மூன்று மணி கோத்து, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை மூக்கு நுனியில் பிடிக்கிறேன். மணியை உற்றுப் பார்த்தால் நூல் இரண்டாகி, சரியாக அந்த மணியிலேயே பெருக்கல் குறி போல வெட்ட வேண்டும். முதல் வாரம் கிட்ட இருந்த சிவப்பு மணியில் வெட்டவே இல்லை. போன செவ்வாய் வெட்டியது! அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போடுவதை நிறுத்தியாச்சு. கண் இருட்டுக்குப் பழகி, வெளிச்சத்தில் கண் கூசுவது அதிகமாகிறது. வெயிலுக்கு மட்டும் கண்ணாடியும் தொப்பியும். மாட்டுங்கா மார்க்கெட்டுக்குக் காலையில் கடை திறந்ததும் போய்விடுகிறேன்.

ஒன்று மட்டும்: திடீரெனக் கண்ணுக்குள் மின்னல், கருந்திரை, கண்வலி, பார்வைக் குறைவு என்றால் பயிற்சியெல்லாம் அப்புறம், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

தாதர் பாலத்தை இன்னும் சாயங்காலத்தில் ஏறவில்லை.