பங்குனி ஆமைக் கூடு: கடலூர், புதுவைக் கரையில் கண்டவை

தாழங்குடா கரை:

கரைநடை போகும் எல்லாருக்கும் வணக்கம். பெண்ணையாற்று முகத்துக்கும் சில்வர் பீச்சுக்கும் நடுவில் உள்ள கூடுகளில் பார்த்ததை வைத்து எழுதுகிறேன். புதுவைப் பக்க நிலவரத்தை அங்குள்ளவர்கள் சேருங்கள்.

பங்குனி ஆமையின் (ஆலிவ் ரிட்லி) தடம் முக்கால் மீட்டர் அகலம் இருக்கும். இடது, வலது துடுப்பு மாறி மாறிப் பதியும். ஒரு மீட்டர் அகலத்தில், இரு பக்கமும் ஜோடியாகப் பதிந்து, நடுவே வாலும் இழுத்திருந்தால் அது பேராமை. நம் கரையில் அபூர்வம். ஏறின தடமும் இறங்கின தடமும் இருந்து, இடையில் மணல் கலையாமல் இருந்தால் முட்டையிடாமல் திரும்பிவிட்டது என்று அர்த்தம். தோண்டிப் பார்க்க வேண்டாம்.

குச்சி குத்திக் கூடு தேடுவதை விட்டுவிடுங்கள். இறுகின மணலில் குச்சி திடீரென்று உள்ளே இறங்கும் இடம்தான் கூட்டின் கழுத்து, அது சரி. ஆனால் ஒரு விரற்கடை கூட அழுத்தினாலும் மேல் முட்டை உடையும். உடைந்தது எறும்பையும் பூஞ்சையையும் கூட்டிவரும், வாடை பிடித்து நாயும் வரும். மேல்மணலைக் கையால் விலக்கி விரலால் அழுத்தினாலே இளகின இடம் தெரிந்துவிடும்.

எல்லாக் கூட்டையும் பொரிப்பகத்துக்கு (எடுத்த முட்டைகளைப் புதைத்துப் பொரிய வைக்கும் இடம்) தூக்குவது நல்லதல்ல. அலை ஏறும் கோட்டுக்கு மேலே, நாய்த் தொல்லை இல்லாத இடத்தில் இருந்தால் தடத்தைக் காலால் கலைத்துவிட்டு அப்படியே விடுங்கள். ஆற்று முகத்தில் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். அங்கே இட்டதை எடுத்தே ஆகவேண்டும். அதையும் வனத்துறை அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இது. முட்டைக்கும் அதே காப்பு உண்டு.

எடுப்பதென்று முடிவு செய்தால் நேரம்தான் எல்லாம். தாய் வயிற்றில் நின்றுபோயிருந்த கரு வளர்ச்சி, முட்டை வெளியே வந்ததும் மறுபடி தொடங்கும். சில மணி நேரத்தில் கரு மேல்பக்க ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையை உருட்டினால் சவ்வு கிழிந்து கரு செத்துவிடும். 2 மணி நேரத்துக்குள் எடுத்துப் புதைத்தால் நல்லது, 6 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. முட்டை உச்சியில் சுண்ணாம்பு வைத்த மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தால் கரு ஒட்டியாகிவிட்டது. அந்தக் கூட்டை மூடிவிட்டு, அங்கேயே காவல் போடுவதுதான் வழி.

வாளி அடியில் அதே கூட்டின் ஈர மணலை 5 செ.மீ. பரப்புங்கள். கொசு மருந்து, எண்ணெய் பூசிய கை ஆகாது. இருந்த வாக்கிலேயே எடுத்து வைக்கவும். பைக்கில் கொண்டுபோகாதீர்கள், அந்தக் குலுக்கலே போதும் கெடுக்க, நடந்தே போங்கள். எடுக்கும்போதே மேல் முட்டை எத்தனை ஆழம், அடி எத்தனை ஆழம் என்று அளந்து குறித்துக்கொள்ளவும். அடி பெரும்பாலும் 45 செ.மீ. சுற்றில் இருக்கும். கழுத்து ஒடுங்கி, வயிறு அகன்ற குடுவை வடிவம். பொரிப்பகத்திலும் அதே வடிவம், அதே ஆழம். ஈர மணல் முதலில், காய்ந்தது மேலே. மிதித்து இறுக்காதீர்கள், முட்டைக்குக் காற்று வேண்டும்.

நரம்பை:

அண்ணன் சொன்னதில் நாய் விஷயத்துக்கு ஒன்று. எடுக்காமல் விட்ட கூட்டின் மேல் ஒரு மீட்டர் சதுர நைலான் வலையை ஒரு சாண் ஆழத்துக்கு உள்ளாகவே புதைத்து, நாலு மூலையிலும் முளை அடிக்கலாம். வலைக் கண் 7 முதல் 10 செ.மீ. இருக்கட்டும். அதைவிடச் சிறிதானால் குஞ்சு மாட்டிக்கொண்டு வெயிலில் சாகும். இரும்பு வலை வேண்டாம். குஞ்சு பூமியின் காந்தப்புலத்தை வைத்துத் திசை அறிகிற உயிர், இரும்பு அதைக் குழப்பலாம்.

புதுவையில் வேறு சிக்கல். 1989 வாக்கில் கட்டிய துறைமுகத் தடுப்புச் சுவர்களுக்குத் தெற்கே மணல் சேர்கிறது, வடக்கே கரை அரித்துக் கருங்கல் கொட்டியாகிவிட்டது. கல் உள்ள இடத்தில் ஆமை ஏற முடியாது. ஆகவே வீராம்பட்டினம், நரம்பை, மூர்த்திக்குப்பம் மணல்தான் மிச்சம், அங்கேயும் விடுதி விளக்குகள் வந்துவிட்டன. குஞ்சு வெளிச்சத்தை நோக்கித்தான் போகும். இருட்டான கரையில் கடல்தான் வெளிச்சமாகத் தெரியும். விளக்கு எரிந்தால் ரோட்டுப் பக்கம் ஏறும். பொரியும் நாட்களில் கடல் பக்க விளக்கை அணைக்கச் சொல்லிக் கேளுங்கள், பலர் கேட்டால் அணைக்கிறார்கள்.

பொரிப்பகக் குறிப்பு:

ஒரு கூட்டுக்கும் அடுத்ததற்கும் ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள். நெருக்கினால் முட்டைகளின் சொந்தச் சூடே கூடிவிடும். போன வருஷத்து மணலில் புதைக்காதீர்கள், பூஞ்சை இருக்கும். அடப்பங்கொடி வேர் இருந்தாலும் களைந்துவிடுங்கள்.

குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. 30 டிகிரி சுற்றில் இரண்டும் கலந்து வரும், கூடினால் பெண், குறைந்தால் ஆண். முட்டை மணலில் இருக்கும் நாட்களை மூன்றாகப் பிரித்தால், நடுப் பங்கு நாட்கள்தான் இதற்குக் கணக்கு. ஆகவே ஜனவரியிலேயே பச்சை நிழல்வலை கட்டுவது தவறு, ஆண் குஞ்சாக வந்து குவியும். மார்ச் பாதிக்குமேல் கூட்டாழத்தில் வெப்பமானி 33-ஐத் தொடும்போது, சவுக்குக் கழி நட்டு ஆள் உயரத்துக்கு மேல் வலை கட்டுங்கள், பக்கங்களைத் திறந்து விடுங்கள். 35-ஐத் தாண்டி நின்றால் குஞ்சு உள்ளேயே வெந்துவிடும்.

சாதாரணமாக 45 முதல் 60 நாளில் பொரியும். பொரிந்ததை அந்த இரவே விடுங்கள். விருந்தாளிக்கும் புகைப்படத்துக்கும் தொட்டித் தண்ணீரில் விடியும்வரை வைப்பது பெருங்கேடு. முதல் ஒரு நாள் ஓயாமல் நீந்துவதற்குத்தான் மஞ்சள்கருவின் மிச்சத்தை வயிற்றில் வைத்திருக்கிறது; அதைத் தொட்டியிலேயே செலவழித்துவிடும். மணலில் பத்து மீட்டராவது தானாக நடக்க விடவும்.

கடைசிக் குஞ்சு வந்து மூன்று நாள் கழித்துக் கூட்டைத் திறந்து எண்ணுங்கள். எடுத்துக்காட்டாக, 112 முட்டையில் 90 வெற்று ஓடு, உள்ளே உயிரோடு 4, செத்தது 2 என்றால் பொரிந்தது 80 சதவீதம், தானே வெளியேறியது (90-இல் அந்த 6 போக 84) 75 சதவீதம். பொரியாத முட்டையைப் பிளந்து பார்க்காமல் கணக்கை மூடாதீர்கள். கரு தொடக்கத்திலேயே நின்றிருந்தால், முதலில் எடுத்த நேரத்தையும் கையாண்ட விதத்தையும் சந்தேகப்படுங்கள். முழு வளர்ச்சி அடைந்து செத்திருந்தால் சூடு, தண்ணீர் ஏறியது, காற்றுப் போதாதது ஆகிய மூன்றில் ஒன்று.

கடலூர் துறைமுகம்:

கூட்டைக் காப்பாற்றினாலும் தாய் வலையில் போனால் என்ன பயன்? ஆமை மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். இழுவை வலைக்குள் நேரம் நீண்டால் மூழ்கிவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியதைப் பார்த்தோம்.

விசைப்படகுத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வலையில் அசையாமல் வந்த ஆமையைச் செத்ததென்று உடனே கடலில் தள்ளாதீர்கள். மயக்கமாக இருக்கலாம். வயிறு தரையில் படும்படி வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் தூக்கி முட்டுக் கொடுங்கள், நுரையீரல் தண்ணீர் வடியும். மல்லாத்த வேண்டாம். நிழலில் போட்டு ஓட்டின்மேல் ஈரச் சாக்கு போடுங்கள், மூக்கை மூடாதீர்கள். 4 மணி நேரம் முதல் ஒரு நாள் வரை கூட ஆகலாம் எழுந்திருக்க. தெளிந்ததும் இஞ்சினை நியூட்ரலில் வைத்து, வலை இல்லாத பக்கமாகத் தண்ணீரில் இறக்கவும்.

கரையில் செத்து ஒதுங்கியதைப் பார்த்தால், கழுத்தோர ஓட்டிலிருந்து வால் முனை ஓடு வரை வளைவோடு டேப் வைத்து அளந்து, படம் எடுத்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவர் பார்க்கும் முன் புதைக்க வேண்டாம். அளந்த ஓட்டின்மேல் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். இல்லையென்றால் தேவனாம்பட்டினத்தில் எண்ணினதையே மறுநாள் அலை தள்ளிப்போய்த் தாழங்குடாக்காரரும் எண்ணுவார்.