ரீட்யூன் ஸ்பீடு: வேகமா, நேரமா?

வணக்கம். ‘ரீட்யூன் ஸ்பீடு’ என்பதற்கு நம் இசைத் தொழில்நுட்பக் கலைச்சொல் பட்டியலில் ‘சுருதித் திருத்த வேகம்’ என்று இருக்கிறது. இதை மாற்றியாக வேண்டும்.

பாடிய குரலை அருகிலுள்ள சுரத்துக்கு இழுக்கும் ஆட்டோ-டியூன் என்ற மென்பொருள் கருவியில் அந்தக் குமிழின் அலகு மில்லிநொடி. 0 முதல் 400 வரை. பாடிய சுரத்தை இலக்குச் சுரத்துக்குக் கொண்டுபோக எவ்வளவு நேரம் விடுவது என்பதையே அது குறிக்கிறது. எண் குறையக் குறைய இழுப்பு விரைவாகும். ‘வேகம்’ என்று எழுதினால், விரைவு வேண்டுபவர் எண்ணைக் கூட்டுவார், விளைவு தலைகீழாகும். மூலப் பெயரின் குழப்பம் தமிழுக்கும் எதற்கு?

குரலின் அசைவு (விப்ராட்டோ) பொதுவாக நொடிக்கு ஐந்தாறு முறை வரும். அதாவது ஓர் அசைவுக்கு 170 முதல் 200 மில்லிநொடி. குமிழை 0-இல் வைத்தால் அசைவு தட்டையாகிவிடும், கமகம் படிக்கட்டாக உடையும். பாட்டுக்கு 10 முதல் 50 வரை வைப்பது வழக்கம். கமகம் மிகுந்த இடத்தில் அதற்கும் மேலே போக வேண்டும். இவையெல்லாம் நேரக் கணக்குகள்.

‘சுருதி’யும் இடிக்கிறது. பாடுபவருக்குச் சுருதி என்றால் ஆதார ஷட்ஜம். கருவி அதைத் தொடுவதில்லை. ‘சுரம் சேர் நேரம்’ என்பது என் பரிந்துரை.

—

‘நேரம்’ சரி. மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சிந்தசைசரில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கும் ‘கிளைடு’ குமிழையும் நேரமாகவே சொல்கிறோம். ஆனால் ‘சேர்’ தன்வினை. இங்கே சுரம் தானாகச் சேர்வதில்லை, கருவி சேர்க்கிறது. ‘சேர்ப்பு நேரம்’ என்போம்.

சிந்தசைசரில் ஒலியலையை உருவாக்கும் பகுதியான அலையியற்றியின் (ஆஸிலேட்டர்) சுரத்தைச் சற்றே நகர்த்தும் ‘டீடியூன்’ குமிழுக்கும் இதே விதிதான். ‘சுருதி விலகல்’ என்றால் பிசகு என்று தோன்றும். நாமோ வேண்டுமென்றே விலக்குகிறோம். ‘விலக்கம்’ புள்ளியியலுக்குப் போய்விட்டது. ஆகவே ‘விலக்கல்’. இரண்டு ரம்பப்பல் அலைகளில் ஒன்றை 10 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலக்கினால், 440 ஹெர்ட்ஸில் நொடிக்குச் சுமார் 2.5 விம்மல் (ஒலி கூடிக் குறைவது) கேட்கும். 110 ஹெர்ட்ஸில் 0.6 மட்டுமே. கீழ்ச்சுரங்களில் விம்மல் மெதுவாவதால் அடிநாதம் வெகுநேரம் மங்கி மீளும். அங்கே விலக்காத ஓர் அலையியற்றி போதும். இன்னொன்று: ஒன்றை 0-இலும் மற்றதை +10-இலும் வைத்தால் மொத்த ஒலியும் மேலேறிக் கேட்கும். −5, +5 என்று பிரித்து வைப்பதே நல்லது. ‘விலக்கல்’ என்ற சொல் இந்த இருபக்க விளக்கத்துக்கும் இடம் தருகிறது.

—

‘விலக்கல்’ ஏற்கிறேன். ‘திருத்தம்’ என்பதையும் விட்டுவிடலாம். பன்னிரண்டு சுரங்களையும் திறந்து வைத்திருக்கும்போது பாடகர் 60 சென்ட் இறங்கிப் பாடினால், பாதி வழியான 50-ஐத் தாண்டியதால் கருவி கீழ்ச்சுரத்துக்கே இழுக்கும். தவறு திருந்தவில்லை, உறுதியாகிவிட்டது. ராகத்தில் இல்லாத சுரங்களை முதலில் அணைத்தால்தான் அது சரியான இடத்துக்குப் போகும். கருவி செய்வது அருகிலுள்ள சுரத்தோடு சேர்ப்பது மட்டுமே. எனவே ஆட்டோ-டியூனின் இந்த வசதிக்குச் ‘சுரச் சேர்ப்பு’, குமிழுக்குச் ‘சேர்ப்பு நேரம்’.