ஆக்குபேஷனல் தெரபி: குழந்தைக்குச் செய்யாமல் பெற்றோருக்குச் சொல்லித் தருவது சரியா?

அகல்விளக்கு:
என் மகனுக்கு 5 வயது. முன்பு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (உடுத்துவது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குபவர்) அவனைத் தனியாக உட்காரவைத்துப் பயிற்சி கொடுப்பார். இப்போது வீட்டுக்கு வருகிறார், ஆனால் எனக்குத்தான் சொல்லித் தருகிறார். அவன் கையைக்கூடப் பிடிப்பதில்லை. வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்துக்கொண்டு, தெரபிஸ்ட் வேலையும் நானே செய்ய வேண்டுமா?

நெய்தல்:
நான் இந்தத் துறையில் இருக்கிறேன். உங்கள் களைப்பு நியாயமானது, ஆனால் முடிவு சரியில்லை. சட்டை போடுவது, பல் தேய்ப்பது, சாப்பிடுவது எல்லாம் நடப்பது வீட்டில். சாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். குதிகால் தாண்டும்வரை நீங்கள் இழுத்துவிடுங்கள், கடைசி இழுப்பை அவனுக்கு விடுங்கள். முடித்தது அவனாக இருக்கும். அது பழகியதும் குதிகாலிலிருந்து, அப்புறம் விரல் நுனியிலிருந்து அவனே தொடங்கலாம். கிளம்பும் அவசரத்திலேயே இது நடந்துவிடும், தனி நேரம் வேண்டாம்.

2009-இல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்த ஆய்வில், குடும்பமே இலக்கைத் தேர்ந்தெடுத்து வீட்டில் பயிற்சி செய்தார்கள். சராசரியாக மாதம் 17.5 முறை, ஒருமுறைக்கு 16.5 நிமிடம். 8 வாரத்தில் குழந்தைகளின் செயல்திறன் கூடியது.

அகல்விளக்கு:
அந்த ஆய்வு பெருமூளை வாதம் உள்ள 36 குழந்தைகளை வைத்துச் செய்தது. என் மகனுக்கு அது இல்லை. அவனுக்குத் தலையில் தண்ணீர் பட்டாலே அலறல், சட்டைக் காலரில் இருக்கும் துணிப்பட்டை உறுத்தினாலே அழுகை. அதை எப்படி இங்கே பொருத்துகிறீர்கள்?

இரட்டையர் அப்பா:
அக்கா கேட்பது சரிதான். எங்களுக்குக் கிடைத்தது ஒரு கட்டுத் தாள், ‘தினமும் செய்யுங்கள்’ என்று. யாரும் எங்கள் வீட்டு நாள் எப்படிப் போகிறது என்று கேட்கவே இல்லை. செய்ய முடியாத நாளெல்லாம் மனைவி குற்ற உணர்ச்சியில் அழுவாள். பெற்றோரைக் கேட்காமல் பெற்றோர் தலையில் கட்டுவதை எப்படி ஏற்பது?

நெய்தல்:
தாளைக் கொடுத்துவிட்டுப் போவது வழிகாட்டுதலே இல்லை, அதை நானும் எதிர்க்கிறேன். ‘நாளில் எந்த நேரம் உங்களுக்கு ரொம்பக் கஷ்டம்?’ என்று முதலில் கேட்க வேண்டும். பதில் குளியல் என்றால் குளியலுக்கு மட்டும் வழி சொல்லி, அதோடு நிறுத்த வேண்டும். விழுங்கும்போது புரையேறுகிற குழந்தையை, கைக்கு ஸ்பிளிண்ட் (கையை அசையாமல் தாங்கும் பட்டை) தேவைப்படுகிற குழந்தையை தெரபிஸ்ட்தான் நேரில் பார்க்க வேண்டும். அதைப் பெற்றோரிடம் தள்ளுவது ஆபத்து.

அக்கா, அந்த ஆய்வை உங்கள் மகனுக்கு அப்படியே பொருத்த முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அவன் அலறுவது வீட்டுக் குளியலறையில். என் அறையில் அந்தத் தண்ணீரும் இல்லை, அவன் நம்புகிற கையும் இல்லை.

அகல்விளக்கு:
என் கை மட்டும் போதும் என்று நான் இன்னும் நம்பவில்லை. அடுத்த முறை தெரபிஸ்டிடம் கேட்கப்போகிறேன்: அந்த நாள் குளியல் நேரத்தில் வாருங்கள், முதலில் நீங்கள் செய்துகாட்டுங்கள், நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். மறுத்தால் வேறு ஆளைப் பார்ப்பேன்.