பருத்தி குரோஷே டாப்: தொங்கவிட்டால் நீளுகிறது, பேட்டர்னில் எந்த கேஜ் எழுதுவது?

வணக்கம். பருத்தி நூல், 4 மி.மீ. ஊசி, ஹாஃப் டபுள் தையல் (அமெரிக்கப் பெயர்). சாம்பிள் துண்டின் கேஜ் (10 செ.மீ.க்கு எத்தனை தையல், எத்தனை வரிசை என்ற கணக்கு) துவைக்குமுன் 16 தையல், 12 வரிசை. துவைத்துத் தட்டையாக உலர்த்தினால் 17 தையல். ஒரு தையல்தானே என்று விடமுடியாது: 96 செ.மீ. மார்புச் சுற்றுக்குப் போட்ட 154 தையல் 90.6 செ.மீ.யில் வந்து நிற்கும், உடம்பைப் பிடிக்கும். துவைத்த கேஜ்படி 163 தையலாக்கியதில் அகலம் சரியாகிவிட்டது.

நீளம்தான் பிரச்சினை. துவைத்த சாம்பிளின் கீழ் விளிம்பில் துணிக்கிளிப்புகள் மாட்டி ஒரு நாள் தொங்கவிட்டால், 10 செ.மீ. இருந்த 12 வரிசை 10.6 ஆகிறது. முழு டாப்பில் இது சீராகவும் இருக்காது. கீழே உள்ள எடை முழுவதையும் தோள்பக்க வரிசைகள் தாங்குவதால் கைக்குழி அதிகம் இறங்கும், இடுப்புப் பக்கம் அவ்வளவு இல்லை. தோள் இணைப்பில் ஸ்லிப் தையல் (உயரம் சேர்க்காத தட்டையான தையல்) ஓட்டினால் தோள் அகலம் நிற்கிறது. நீளத்துக்கு அது உதவவில்லை.

கேட்க வந்தது இதுதான்:

கைக்குழிக்கு மட்டும் வரிசை குறைப்பீர்களா, அல்லது அந்தப் பகுதியை 3.5 மி.மீ. ஊசியில் இறுக்குவீர்களா? ஊசி மாற்றினால் அகலமும் சுருங்குமே, அதை எப்படி ஈடுகட்டுகிறீர்கள்? தொங்கவிடும் எடையை எந்தக் கணக்கில் முடிவு செய்கிறீர்கள்? பெரிய அளவுகளுக்கு எடை கூடும் என்பதால் ஒவ்வொரு அளவுக்கும் தனிக் கழிவு (நீளுவதற்காக முன்கூட்டியே குறைக்கும் நீளம்) எழுதியவர்கள் இருந்தால், தயவுசெய்து சொல்லுங்கள்.