கலைச்சொல் உரையாடல்: ‘பாதுகாப்பான வரைகலை’க்கு மாற்றாக ‘இரவல் திரை’

குழுவினருக்கு வணக்கம்.

நம் லினக்ஸ் நிறுவியின் தொடக்கப் பட்டியலில் இரண்டாவதாக வரும் தேர்வை ‘பாதுகாப்பான வரைகலை’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். அடுத்த வெளியீட்டுக்கு முன் இதை மாற்றிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சொல் அழகாக இருக்கிறதா என்பது என் கவலை இல்லை. பயனரை அது தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறது.

அந்தத் தேர்வு செய்வது ஒரே வேலைதான். இயங்குதளத்தின் கருவான கர்னலுக்குப் போகும் கட்டளை வரியில் ‘நோமோட்செட்’ என்ற அளவுருவைச் சேர்க்கிறது. உபுண்டுவிலும் ஃபெடோராவிலும் இப்படித்தான். ஃபெடோராவில் மட்டும் ‘அடிப்படை வரைகலை’ என்ற பொருள் தரும் பெயரோடு சிக்கல் தீர்க்கும் துணைப்பட்டியலுக்குள் இருக்கும். இந்த அளவுருவைக் கண்டதும் ஐ915 (இன்டெல்), ஏஎம்டிஜிபியு (ஏஎம்டி), நூவோ (என்விடியா) போன்ற வரைகலை இயக்கிகள் சாதனத்தைத் தொடாமலேயே விலகிக்கொள்கின்றன.

அப்படியானால் திரையில் படம் எங்கிருந்து வருகிறது? கணினி இயங்கத் தொடங்கியதுமே யுஇஎஃப்ஐ நிலைபொருள் (தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) ஒரு பிரிதிறனைத் தேர்ந்து, நினைவகத்தில் திரைக்கென்று ஒரு பகுதியைத் திறந்து வைத்துவிடுகிறது. கர்னல் அந்தப் பகுதியின் முகவரியை வாங்கி அதிலேயே புள்ளிகளை எழுதுகிறது. கர்னலின் எளிய திரை இயக்கிகளான ஈஎஃப்ஐஎஃப்பி, சிம்பிள்டிஆர்எம் ஆகிய இரண்டும் செய்வது இதைத்தான். பிரிதிறனை மாற்ற முடியாது, இரண்டாவது திரையை எழுப்ப முடியாது, புதுப்பிப்பு வீதத்தைத் தொட முடியாது. நிலைபொருள் என்ன கொடுத்ததோ அதுதான்.

ஆகவே என் பரிந்துரை: ‘இரவல் திரை’. நிலைபொருளிடம் இரவல் வாங்கிய திரை. வாங்கிய வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்த இயக்கிக்கு வர வேண்டும் என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இந்தக் கடைசிப் பகுதிக்காகத்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். ‘பாதுகாப்பான’ என்று எழுதினால், மற்றது பாதுகாப்பில்லாதது என்று நினைத்து எல்லோரும் இதையே தேர்கிறார்கள். ஃபெடோராவின் நிறுவி இந்த அளவுருவை நிறுவிய அமைப்பின் தொடக்க ஏற்றியான கிரப்பின் அமைப்புக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பிறகு மாதக்கணக்கில் அதோடேயே ஓட்டுகிறார்கள். ஒளிர்வைக் குறைக்க முடியவில்லை, மடிக்கணினியை மூடினால் உறங்குவதில்லை, காணொளி பார்த்தால் விசிறி இரைகிறது என்று வழு அறிக்கைகள் வரும். அவர்களை ‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ -பி’ ஓட்டச் சொன்னால் வரைவி என்ற இடத்தில் ‘எல்எல்விஎம்பைப்’ என்று வரும். அதாவது ஒவ்வொரு புள்ளியையும் வரைகலைச் சில்லு வரையவில்லை, மையச் செயலி வரைந்துகொண்டிருக்கிறது.

‘நோமோட்செட்’ என்பதை நேரடியாக மொழிபெயர்ப்பதும் உதவாது. 2009இல் வந்த 2.6.29 கர்னலுக்கு முன்பு, பிரிதிறனையும் புதுப்பிப்பு வீதத்தையும் அமைக்கும் வேலையை எக்ஸ் சேவையகம் (சாளரங்களைத் திரையில் காட்டும் மென்பொருள்) பார்த்துக்கொண்டது. 2.6.29இல் இன்டெல் வரைகலைக்கு அந்தப் பொறுப்பு கர்னலுக்குள் வந்தது. ரேடியானும் (ஏஎம்டி) நூவோவும் அடுத்தடுத்த வெளியீடுகளில் வந்து சேர்ந்தன. ‘நீ அமைக்காதே, எக்ஸ் பார்த்துக்கொள்ளும்’ என்று கர்னலிடம் சொல்வதற்கு அன்று அந்தப் பெயர் பொருத்தம். இன்று பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. இயக்கி முழுவதுமே ஒதுங்கிவிடுகிறது. பெயர் பழையபடி நின்றுவிட்டது.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

—

மறுமொழி 1

வணக்கம்.

> ஆகவே என் பரிந்துரை: ‘இரவல் திரை’.

‘பாதுகாப்பான’ போக வேண்டும் என்பதில் எனக்கு முழு உடன்பாடு. நீங்கள் குறிப்பிடாத இன்னொரு காரணமும் இருக்கிறது. யுஇஎஃப்ஐயின் கையொப்பச் சரிபார்ப்பை ‘பாதுகாப்பான தொடக்கம்’ என்று எழுதுகிறோம். என்விடியா இயக்கி ஏறாமல் போவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது அதுதான். ஒரே அடைமொழி இரண்டு இடத்திலும் நின்றால், ‘பாதுகாப்பான வரைகலையை அணைத்துவிட்டேன், இன்னும் இயக்கி ஏறவில்லை’ என்று எழுதுபவர் எதை அணைத்தார் என்றே நமக்குப் புரிவதில்லை.

ஆனால் தொடக்கப் பட்டியலில் ‘இரவல் திரை’ என்று மொட்டையாக நின்றால் புதியவர் திகைப்பார். ‘அடிப்படைத் திரை’ என்றால் உடனே விளங்கும். சாதாரணப் பயனருக்கு நிலைபொருள் பற்றிய விளக்கம் அங்கே தேவையா என்பது என் ஐயம்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அந்த வரிக்குக் கீழே நாம் எழுதியிருக்கும் விளக்கம்: ‘கருந்திரை வந்தால் இதைப் பயன்படுத்தவும்.’ ‘கருந்திரை’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு கோளாறுகளைப் போட்டு அடைத்திருக்கிறோம். மூன்றுக்கும் மருந்து வேறு. இவற்றுக்குத் தனித்தனிச் சொல் இருந்தால் வழு அறிக்கையைப் படித்ததுமே பாதி வேலை முடிந்துவிடும்.

முதலாவது, படம் இருக்கிறது, வெளிச்சம் இல்லை. மடிக்கணினிகளில்தான் இது வரும். அறையை இருட்டாக்கி, கைவிளக்கைத் திரைக்குச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் நிறுவியின் சாளரம் நிழல்போல மங்கலாகத் தெரியும். இயக்கி சரியாகவே ஏறியிருக்கிறது; பின்னொளியைக் கட்டுப்படுத்தும் இடைமுகத்தைத்தான் கர்னல் தவறாகத் தேர்ந்திருக்கிறது. இதற்கு ‘ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ்’, அது பலிக்காவிட்டால் அதே அளவுருவுக்கு ‘வெண்டார்’ அல்லது ‘வீடியோ’ என்ற மதிப்பைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். நோமோட்செட் போட்டாலும் படம் வந்துவிடும், ஏனென்றால் நிலைபொருள் ஏற்றிய பின்னொளியை யாரும் தொடுவதில்லை. அதனால்தான் இந்தக் கோளாறு கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. ‘பின்னொளி அணைவு’ என்று இதைச் சொல்லலாம்.

இரண்டாவது, திரைக்குச் சமிக்ஞையே போகவில்லை. மேசைத்திரையாக இருந்தால் அதுவே அறிவிப்புக் காட்டிவிட்டு உறங்கிவிடும். தனி வரைகலை அட்டை பொருத்திய கணினியில் வடத்தைத் தாய்ப்பலகையின் துளையில் செருகியிருந்தால் இப்படி ஆகும். பல தாய்ப்பலகைகள் தனி அட்டையைக் கண்டதும் உள்ளமைந்த வரைகலையை அணைத்துவிடுகின்றன. இரட்டை வரைகலை மடிக்கணினிகள் சிலவற்றில் எச்டிஎம்ஐ துளை என்விடியா சில்லோடு மட்டுமே இணைந்திருக்கும். அந்தச் சில்லுக்கு இயக்கி இல்லாதவரை வெளித்திரை எழும்பாது. இங்கே நோமோட்செட் போடுவது நிலைமையை மோசமாக்கும். ‘சமிக்ஞையின்மை’ போதுமான சொல்.

மூன்றாவது, கர்னலும் இயக்கியும் நலம், உள்நுழைவுத் திரை வரவில்லை. மேல் மூலையில் சுட்டி மினுக்கிக்கொண்டிருக்கும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் உரை முனையம் வந்துவிடும். வந்தால் சிக்கல் எக்ஸ் அல்லது அதற்கு மாற்றான வேலண்ட் பக்கம். கர்னல் மேம்படுத்திய மறுநாள் என்விடியா பயனர்களுக்கு வருவதும் பெரும்பாலும் இதுதான்: புதிய கர்னலின் தலைப்புக் கோப்புகள் நிறுவப்படாததால் இயக்கிகளைக் கர்னலுக்கேற்பத் தொகுக்கும் டிகேஎம்எஸ் கருவி என்விடியா இயக்கியைத் தொகுக்கவில்லை. ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ என்று கொடுத்தால், ஓடும் கர்னலின் எண்ணுக்கு நேரே நிறுவப்பட்டது என்று இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். ‘உள்நுழைவு வராமை’ என்று இதை எழுதலாமா?

இந்த மூன்றும் இல்லாமல், கிரப் பட்டியலைத் தாண்டியதும் திரை அப்படியே உறைந்து எந்த விசைக்கும் அசையாமல் நின்றால், அதுதான் நோமோட்செட்டுக்கு உரிய இடம். புத்தம் புதிய வரைகலை அட்டையும் பழைய நிறுவல் வட்டும் சேரும்போது இது வரும். அதற்கு ‘திரையுறைவு’ என்று சொல்லிவிட்டால் விளக்க வரியை ‘திரையுறைவு ஏற்பட்டால்’ என்று துல்லியமாக எழுதலாம்.

—

மறுமொழி 2

வணக்கம். முதல் மடல் எழுதியவன்தான்.

> ‘கருந்திரை’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு கோளாறுகளைப் போட்டு அடைத்திருக்கிறோம்.

இந்தப் பகுப்பை அப்படியே ஏற்கிறேன். ‘திரையுறைவு’ மிக நன்று. மூன்றாவதற்கு மட்டும் ‘உள்நுழைவு எழாமை’ என்றால் ஓசை இன்னும் இயல்பாக இருக்கும் என்று தோன்றுகிறது.

> ‘அடிப்படைத் திரை’ என்றால் உடனே விளங்கும்.

விளங்கும், ஆனால் அரைகுறையாக. ‘அடிப்படை’ என்பது குறைந்த வசதி என்ற பொருளை மட்டும் தருகிறது. தற்காலிகம் என்ற எண்ணம் அதில் இல்லை. அடிப்படை வசதி போதும் என்று நினைப்பவர் அதிலேயே தங்கிவிடுவார். ‘இரவல்’ என்று படித்தவர் அதைச் சொந்தம் என்று எண்ண மாட்டார். பட்டியலில் மொட்டையாக நிற்கிறது என்ற குறையைப் பெயரை நீட்டித் தீர்க்கலாம்: ‘இரவல் திரையில் நிறுவு (திரையுறைவு ஏற்பட்டால் மட்டும்)’. கிரப்பின் வரி அகலத்துக்குள் இது அடங்குகிறதா என்று 1024 × 768 பிரிதிறனில் பார்த்துவிட வேண்டும். எழுத்துரு இல்லாத உரைமுறைக் கிரப்பில் தமிழே தெரியாது என்பதால் அங்கே கவலை இல்லை.

அடுத்ததாக, உதவிப் பக்கத்தில் இரவல் திரையிலிருந்து வெளியே வரும் வழி கட்டாயம் இருக்க வேண்டும். வரைவு கீழே. சொற்களைத் திருத்துங்கள், வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

‘கணினியைத் தொடங்கும்போது எஸ்கேப் விசையையோ ஷிஃப்ட் விசையையோ அழுத்தி கிரப் பட்டியலை வரவழைக்கவும். முதல் வரியில் நின்று ஈ விசையை அழுத்தவும். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசிவரை சென்று நோமோட்செட் என்ற சொல்லை மட்டும் அழிக்கவும். கன்ட்ரோல், எக்ஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தவும். இந்த மாற்றம் ஒரு முறைக்கு மட்டுமே. திரை சரியாக வந்தால், முனையத்தில் /ஈடிசி/டீஃபால்ட்/கிரப் கோப்பைத் திறந்து அங்கிருந்தும் அதே சொல்லை நீக்கி, டெபியன், உபுண்டுவில் அப்டேட்-கிரப் கட்டளையை மேலாளர் உரிமையோடு இயக்கவும்.’

ஒரு முறை சோதித்த பிறகே கோப்பைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் பயனர் மீண்டும் உறைந்த திரையில் போய் மாட்டிக்கொள்வார்.

திரை வராவிட்டால் அடுத்து ‘எல்எஸ்பிசிஐ -கே’. விஜிஏ அல்லது 3டி என்று வரும் சாதனத்தின் கீழே, பயன்பாட்டில் உள்ள இயக்கி என்ற வரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வோம். அந்த வரி இல்லாமல் கூறுகளின் (கர்னலில் ஏற்றப்படும் இயக்கித் துண்டுகளின்) பெயர் மட்டும் இருந்தால், இயக்கி வட்டில் இருக்கிறது, ஏறவில்லை. காரணம் முந்தைய தொடக்கத்தின் கர்னல் பதிவில் இருக்கும்: ‘ஜர்னல்சிடிஎல் -கே -பி -1’. ஏஎம்டி அட்டைகளில், அட்டைக்குள் ஏற்ற வேண்டிய நிலைபொருள் கோப்பு கிடைக்கவில்லை என்ற வரி அங்கே வந்தால், நிலைபொருள் தொகுப்பை நிறுவுவதோடு வேலை முடிந்தது. டெபியனில் 12ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2023 முதல், கட்டற்றதல்லாத நிலைபொருளும் அதிகாரப்பூர்வ நிறுவல் வட்டிலேயே வருவதால் இந்தச் சிக்கல் அங்கே குறைந்துவிட்டது.

இன்னொரு சொல்லும் பாக்கி இருக்கிறது. என்விடியாவின் சொந்த இயக்கியை நிறுவும் முன் நூவோவை ஒதுக்கி வைப்பதைக் ‘கருப்புப் பட்டியல்’ என்று எழுதுகிறோம். கூறுகளை ஏற்றும் மாட்ப்ரோப் கருவி செய்வது அவ்வளவு கடுமையான விலக்கல்ல. சாதனத்தைக் கண்டதும் கூறு தானாக ஏறுவதை மட்டும் அது தடுக்கிறது. பெயர் சொல்லி அழைத்தால் அந்தக் கூறு ஏறிவிடும். வேறொரு கூறுக்குத் தேவைப்பட்டாலும் ஏறிவிடும். ஆகவே ‘தானேற்றத் தடை’ என்று பரிந்துரைக்கிறேன். தடையை எழுதிய பிறகு ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு’, ஃபெடோராவில் ‘டிராகட் --ஃபோர்ஸ்’ இயக்காவிட்டால் பலனில்லை என்பதையும் அந்த இடத்திலேயே எழுத வேண்டும். இந்தக் கட்டளைகள் புதுப்பிக்கும் தொடக்க நினைவக வட்டுக்குள் (கணினி தொடங்கும்போது முதலில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்புக்குள்) நூவோவின் பழைய படி இருந்தால், தடைக் கோப்பு கண்ணில் படுவதற்கு முன்பே அது ஏறிவிடும்.

—

மறுமொழி 3

வணக்கம்.

நீட்டிய வடிவத்தில் ‘இரவல் திரை’ எனக்குச் சம்மதம். ‘அடிப்படைத் திரை’யைத் திரும்பப் பெறுகிறேன். ‘உள்நுழைவு எழாமை’, ‘தானேற்றத் தடை’ இரண்டும் சரி.

‘இரவல் திரை’ இனி நோமோட்செட்டுக்கு மட்டும் உரியது என்று சொல்லகராதியில் குறித்துவிடுவோம். திரை 1024 × 768இல் சிக்கிக்கொள்வதையும் சிலர் இதே சொல்லால் குறிக்கத் தொடங்குவார்கள். அது வேறு. மலிவான மாற்றியோ, திரையையும் விசைப்பலகையையும் கணினிகளுக்கிடையே பகிரும் பகிர்வியோ, தன்னால் காட்டக்கூடிய பிரிதிறன்களைத் திரை சொல்லும் ஈடிஐடி தகவலை நடுவில் விழுங்கிவிட்டால், நல்ல இயக்கியும் அந்தப் பிரிதிறனுக்குத்தான் இறங்கும். வடத்தை நேராகச் செருகிப் பார்ப்பதே முதல் சோதனை. சரியாகாவிட்டால் ‘வீடியோ=எச்டிஎம்ஐ-ஏ-1:1920எக்ஸ்1080@60’ என்று கர்னலுக்கு எழுதிக் கொடுக்கலாம். துளையின் சரியான பெயர் /சிஸ்/கிளாஸ்/டிஆர்எம் அடைவில் இருக்கும்.

அதேபோல் திரை மினுக்கத்துக்கும் இரவல் திரையைப் பரிந்துரைக்கக் கூடாது. மடிக்கணினிகளில் அசையாத படத்தைத் திரையே நினைவில் வைத்துப் புதுப்பித்துக்கொள்ளும் மின்சேமிப்பு வசதிதான் பல நேரங்களில் மினுக்கத்துக்குக் காரணம். இன்டெலில் ‘ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0’, ஏஎம்டியில் ‘ஏஎம்டிஜிபியு.டிசிடிபக்மாஸ்க்=0எக்ஸ்10’ அதை மட்டும் அணைக்கும். இயக்கி ஓடிக்கொண்டே இருக்கும். இந்த வசதிக்குத் ‘திரைத் தன்புதுப்பிப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். இதைவிடச் சிறியதாக யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.

கையொப்பச் சரிபார்ப்பு இயங்கும் கணினியில் என்விடியா இயக்கியை நிறுவியவுடன், மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரைக்கும் உதவிப் பக்கத்தில் ஒரு பத்தி வேண்டும். அந்தத் திரை ஆங்கிலத்தில் மட்டுமே வரும், நம்மால் மொழிபெயர்க்க முடியாது. சில நொடிகளே காத்திருக்கும். பயனர் ஒன்றும் செய்யாமல் விட்டால் கணினி தொடர்ந்து தொடங்கிவிடும், இயக்கியின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி பதிவாகாது, இயக்கியைக் கர்னல் ஏற்க மறுக்கும். ஆகவே பட்டியலில் இரண்டாவதாக நிற்கும் ‘என்ரோல் மோக்’ என்பதை ஆங்கில ஒலிப்போடு எழுதி, பக்கத்தில் ‘சாவிப் பதிவு’ என்று தருவோம். கடவுச்சொல்லை அமெரிக்க விசைப்பலகை முறையில்தான் அது படிக்கும் என்பதால், சிற்றெழுத்துகளும் எண்களும் மட்டும் கொண்ட கடவுச்சொல்லை நிறுவும்போதே தேர்ந்துகொள்ளச் சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்புக் கோப்பில் முதலில் தொடக்கப் பட்டியலின் வரியையும் விளக்க வரியையும் மாற்றுகிறேன். ‘கருந்திரை’ வரும் மற்ற இடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அங்கே நான்கில் எது பொருந்தும் என்று பார்த்தே மாற்ற வேண்டியிருக்கிறது. தேடி மொத்தமாக மாற்றினால் தவறிவிடும். உதவிப் பக்கத்தின் வரைவை நீங்கள் ஏற்றிவிடுங்கள், தோழர்.