கெரிஸ் உறைக்குள் அலகு இறுகிவிட்டது, மேல்கட்டையில் பிளவு

கிள்ளான்வாசி:
தாத்தாவுக்குப் பக்கத்துக் கம்பத்து நண்பர் கொடுத்த கெரிஸ் (மலாய்க் குத்துவாள்), அலகில் ஏழு வளைவு. ஸ்டோர் அறையிலிருந்து ஏர்கோன் அறைக்கு மாற்றியதிலிருந்து அலகு பாதி வந்து நின்றுவிடுகிறது. உறையின் மேலே படகு மாதிரி இருக்கும் சாம்பிரில் இழையோட்டமாக ஒரு பிளவு. குச்சியில் உப்புத்தாள் சுற்றி உள்ளே தேய்க்கலாமா? பிளவுக்கு எபாக்ஸி போதுமா?

உளிக்காரன்:
தம்பி, இரண்டும் வேண்டாம். மரம் காய்ந்தால் உள்ளே இருக்கும் குடைவும் சேர்ந்து சுருங்கும். ஏர்கோனை விட்டு வெளியே எடுத்துச் சில வாரம் சும்மா வையுங்கள். பல உறைகள் அதிலேயே வழிக்கு வந்துவிடும். இழுத்துப் பிடுங்க மட்டும் கூடாது.

அப்புறமும் பிடித்தால், விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து வளைவுகளின் ஓரத்தில் மெல்லிசாகப் பூசி ஒரு தடவை விட்டு எடுங்கள். கரி எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் உரசல். அலகு வளைந்தாலும் குடைவு நேர்தான், அதனால் ஓரிரு வளைவுதான் தொடும். அந்த இடத்தை மட்டும் நீளக் காம்புள்ள குறுகிய உளியால் சுரண்டணும். உப்புத்தாளின் மணல் உள்ளே தங்கி, அலகின் மேல் தெரியும் பாமோர் வரிகளைக் கீறிவிடும்.

பிளவுக்கு வருவோம். அலகின் அகன்ற அடிப்பாகம் சாம்பிரின் வாயில் உட்காரணும், முனை அடியைத் தொடக் கூடாது. மரம் சுருங்கியதும் அந்த அடி ஆப்பு மாதிரி இறங்கியிருக்கும். வாயைச் சரிசெய்யாமல் ஒட்டினால் மறுபடி பிளக்கும். ஒட்டுவதற்கு வஜ்ரம், அதாவது விலங்குத் தோலில் காய்ச்சும் பசை. வெந்நீர் காட்டினால் பிரித்துவிடலாம். எபாக்ஸி போட்டால் நாளைக்கு இன்னொருவர் பிரிக்கும்போது மரமும் சேர்ந்து பெயரும்.

ஈப்போ அக்கா:
ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. பழைய அலகுகளை எலுமிச்சைச் சாறும் ஆர்செனிக் கல்லும் சேர்த்துக் கழுவுவார்கள். அந்தத் தூள் உறைக்குள்ளும் இருக்கலாம். வாயால் ஊதாதீங்க. கையுறையும் மாஸ்க்கும் போட்டுத்தான் வேலை, பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

கிள்ளான்வாசி:
நன்றி அண்ணே, அக்கா. சாம்பிர் மஞ்சளாக, அலை அலையாக மின்னுகிறது. வார்னிஷ் அடிக்கலாமா?

உளிக்காரன்:
கெமுனிங்காக இருக்கலாம், கறிவேப்பிலைக்கு உறவான மரம். வார்னிஷ் பக்கமே போகாதீங்க, அந்த நிறம் கைபட்டுக் கைபட்டு வந்தது. உலர்ந்த பருத்தித் துணி போதும். வாயின் உள்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், பழைய ஒட்டு ஏதும் இருக்கிறதா பார்த்துச் சொல்கிறேன்.